கல்லின் பெயர் வந்த வழி



தரம் 10 பிள்ளைகள் ஆவர்த்தன அட்டவணையின் முதல் 20 மூலகங்களைப் பாடமாக்கும் காலம் இது. ஐதரசன், ஈலியம், இலிதியம், பெரிலியம், போரன் என்று வகுப்பே ராகம் போட்டுச் சொல்லும். ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "சேர், சோடியத்துக்கு எஸ் தானே வரவேணும், ஏன் என்-ஏ? பொட்டாசியத்துக்கு ஏன் கே?" என்று கேட்கும். "அதெல்லாம் வெள்ளைக்காரன் வைத்த பெயர், அப்படியே பாடமாக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது ஆசிரியர்களான எங்களுக்கு இலகு. ஆனால் அந்தப் பதில் சரியில்லை. என்-ஏ என்பது நேட்ரியம். எகிப்தின் உவர் ஏரிகளில் எடுத்த ஒரு வகைக் காரத்தை அரபிகள் நத்ரூன் என்றார்கள், அதிலிருந்து வந்தது. கே என்பது காலியம். உவர்நிலச் செடிகளை எரித்துச் சவர்க்காரம் செய்ய எடுத்த சாம்பலுக்கு அரபியில் அல்கலீ என்று பெயர், அதிலிருந்து வந்தது. போரனின் பெயர் போராக்ஸிலிருந்து வந்தது. அதன் பழைய வடிவம் அரபியில் பவ்ரக், அதற்கு முன் பாரசீகத்தில் பூரா. நம் ஊர்ப் பத்தர்கள் தங்கம் பற்றவைக்கப் பாவிக்கும் வெங்காரம் அதுதான்.

பெரிலியத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறோம். அந்தச் சொல் நம் வீடுகளில் வேறு உருவத்தில் இருக்கிறது.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. கல் வியாபாரத்தில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஊர் நம்முடையது. இப்போது பிள்ளைகள் இரத்தினக்கல் பாடநெறிகளுக்குப் போகிறார்கள், ஆங்கிலச் சான்றிதழ் எடுக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் வீட்டுக்கு வந்து, "வாப்பா, தோரமல்லி என்று சொல்லாதீங்க, டோர்மலின் என்று சொல்லுங்க" என்று திருத்துகிறார்கள். வாப்பாவும், நாம் படிக்காதவர்கள்தானே என்று பேசாமல் இருந்துவிடுகிறார். இங்கே திருத்தப்படவேண்டியவர் வாப்பா இல்லை. டோர்மலின் என்ற சொல் பிறந்ததே தோரமல்லியிலிருந்துதான்.

அந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம். ஒல்லாந்தர் நம் கரையோரங்களை ஆண்ட காலத்தில், இலங்கைச் சந்தையில் தோரமல்லி என்பது ஒரே ஒரு கல்லின் பெயராக இருக்கவில்லை. நிறம் நிறமான, மதிப்புக் குறைந்த கற்களைச் சேர்த்துக் கட்டிய பொட்டலத்துக்கெல்லாம் அந்தப் பெயர் போனது. சிங்களத்தில் தோரமல்லி என்பார்கள், தமிழில் துவரமல்லி என்றும் எழுதுவார்கள். 1700களின் தொடக்கத்தில் அப்படியொரு பொட்டலம் அம்ஸ்டர்டாமுக்குப் போனது. அங்கே ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். சூடாக்கினால் அந்தக் கற்களில் சில அடுப்புச் சாம்பலைத் தம்மிடம் இழுத்தன. ஒல்லாந்தர் அதற்குச் "சாம்பல் இழுப்பான்" என்று பட்டப்பெயர் வைத்தார்கள், புகைக்குழாயில் ஒட்டிய சாம்பலை எடுக்க அதைப் பாவித்தார்கள் என்றும் சொல்வதுண்டு. லின்னேயஸ், நம் நாட்டுத் தாவரங்களைப் பற்றி 1747இல் வெளியிட்ட "ஃப்ளோரா சைலானிகா" என்ற நூலில், இதை மின்சாரக் கல் என்று குறித்தார். 1756இல் ஈபினஸ் என்ற அறிஞர் சோதித்துப் பார்த்து, சூடாக்கும்போது கல்லின் ஒரு முனையில் நேர் மின்னேற்றமும் மறுமுனையில் எதிர் மின்னேற்றமும் தோன்றுவதைக் காட்டினார். இன்று வெப்பத்தால் மின்னேற்றம் பெறும் பளிங்குகளைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயமாகப் படிப்பது இதைத்தான்.

பொட்டலத்தின் பெயர் அதில் இருந்த ஒரு கல்லின் மேல் ஒட்டிக்கொண்டது, விஞ்ஞானமும் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆகவே சந்தையில் பழைய ஆட்கள் வேறு ஒரு கல்லைக் காட்டித் தோரமல்லி என்றால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். பெயரின் பழைய பொருள் அவர்களிடம்தான் இருக்கிறது.

இனி யாகூத். நமக்கு இந்தச் சொல் அல்குர்ஆனில் பழக்கம். ஸூரா அர்ரஹ்மானின் 58ஆவது வசனத்தில் மர்ஜானோடு சேர்ந்து வருகிறது. இது அரபியின் சொந்த வேரில் முளைத்த சொல் அல்ல என்பதை இன்றைய மொழியியலாளர்கள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். இமாம் ஸுயூத்தி (ரஹ்) தமது "அல்இத்கான்" நூலில், அல்குர்ஆனில் வரும் பிறமொழி மூலமுள்ள சொற்களைப் பட்டியலிட்டபோது, யாகூத் பாரசீகச் சொல் என முன்னோர் கூறியதை எடுத்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் சங்கடம் இருக்கவில்லை. அரபிகள் வணிகர்கள், பொருளோடு பெயரும் வரும், வந்த பெயர் அரபியின் அச்சில் வார்க்கப்பட்டு அரபியாகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். பாரசீகத்துக்கும் முன்னால் போனால் கிரேக்கத்தின் ஹியாகிந்தோஸ் வரை இச்சொல்லின் தடம் போகிறது. அங்கே அது முதலில் ஒரு பூ, பிறகு அந்தப் பூவின் நிறமுள்ள ஒரு கல். அதே கிரேக்கச் சொல் ஐரோப்பாவுக்குள் வேறு வழியாகப் போய் ஜாசிந்த் என்றாகி, செம்மஞ்சள் நிறச் சிர்கன் கல்லின் மேல் விழுந்தது. ஒரே தாயின் பிள்ளைகள் இரண்டு: ஒன்று கல்லின் அரசனுக்குப் பெயரானது, மற்றது நாம் பொட்டலமாக விற்கும் கல்லுக்கு.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. அரபிகள் யாகூத் என்று சொன்னது சிவப்புக் கல்லை மட்டுமல்ல. சிவப்பு யாகூத், மஞ்சள் யாகூத், வெள்ளை யாகூத், வான்நிறத்தில் அஸ்மான்ஜூனீ யாகூத் என்று எல்லா நிறத்தையும் ஒரே குடும்பமாக வைத்தார்கள். 1253இல் காலமான அஹ்மத் அத்திஃபாஷி கற்களைப் பற்றி எழுதிய நூலிலும் இந்தப் பிரிப்பு இருக்கிறது. கெம்பும் நீலமும் ஒரே கல், நிறம் மட்டும் வேறு என்பது அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஐரோப்பாவில் ரூபி என்றால் சிவப்பு, சபையர் என்றால் நீலம், இரண்டும் வேறு வேறு கல். இரண்டும் அலுமினியம் ஒட்சைட்டுத்தான், சிவப்புக்குக் காரணம் குரோமியம், நீலத்துக்குக் காரணம் இரும்பும் தைத்தேனியமும் என்பதெல்லாம் அங்கே தெளிவாவதற்கு 1700களின் கடைசியும் அதற்குப் பிந்திய ஆராய்ச்சியும் தேவைப்பட்டன.

எப்படி இவர்களுக்கு முன்பே தெரிந்தது? நிறத்தை நம்பாமல் கையை நம்பியதால். யாகூத் மற்றக் கற்களைக் கீறும், அதை வைரம்தான் கீறும், எடை கூட. 973இல் பிறந்த அல்பிரூனி இதைத் தராசில் கொண்டுவந்து நிறுத்தினார். கல்லைத் தண்ணீரில் போட்டு வெளியேறும் தண்ணீரை நிறுத்துத் தன்னீர்ப்பைக் கணித்தார். நீல யாகூத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டார். பதக்ஷான் மலையிலிருந்து வந்த லஃல் என்ற சிவப்புக் கல் ஏறத்தாழ 90 தான் காட்டியது. பார்வைக்கு இரண்டும் சிவப்பு. ஆனால் தராசு வேறு என்றது. லஃல் என்பது இன்றைய ஸ்பினெல். நம் சந்தையில் கிரிஞ்சி என்பார்களே, அது. இன்றைய புத்தகத்தில் யாகூத்துக்கு 4, ஸ்பினெலுக்கு 3.6 என்று இருக்கும். 4ஐ 100 ஆக்கினால் 3.6 எவ்வளவு என்று பிள்ளைகளிடம் கணக்குப் போடக் கொடுத்துப் பாருங்கள்.

இந்த வித்தியாசம் தெரியாததால் என்ன நடந்தது என்பதற்கு இங்கிலாந்து முடியே சாட்சி. அதன் முன்பக்கத்தில் "கறுப்பு இளவரசனின் ரூபி" என்று சொல்லப்படும் பெரிய சிவப்புக் கல் இருக்கிறது, 170 கரட் அளவு. அது ரூபி அல்ல, ஸ்பினெல். பதக்ஷான் கல்லை அரபியில் பலக்ஷ் என்பார்கள், அதையே ஐரோப்பியர் பலாஸ் ரூபி என்றார்கள். ஊர்ப்பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு, கல் வேறு என்ற அறிவை விட்டுவிட்டார்கள். 1783இல் ரோமே டிலீல் என்ற பிரெஞ்சுக்காரர்தான் இரண்டையும் முறையாகப் பிரித்தார். அல்பிரூனிக்கும் அவருக்கும் இடையில் 700 வருடங்களுக்கு மேல்.

சரி, சிவப்பும் நீலமும் ஒரே கல் என்று தெரிந்தபின் இரண்டுக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டுமே. ஐரோப்பிய மொழிகளில் அப்படியொன்று இருக்கவில்லை. எடுத்துக்கொண்டது நம் மொழியிலிருந்து: குருந்தம். வடமொழியில் குருவிந்தம். மதுரையின் இரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மாணிக்க வகைகளுள் விந்தம் என்று ஒன்று வருகிறது, அது இதுதான் என்பார்கள் உரைகாரர்கள். ஆனால் சொல் ஐரோப்பாவுக்குப் போனது மாணிக்கமாக அல்ல. சாணை பிடிக்கும் பொடியாக. தென்னிந்தியாவில் கல் பட்டை தீட்டுபவர்கள் குருந்தத்தை இடித்து அரக்கோடு சேர்த்துச் சாணைச் சக்கரம் வார்த்தார்கள். அந்த அழகில்லாத முரட்டுக் கல்லின் மாதிரிகள் இலண்டனுக்குப் போயின. 1798இல் சார்ல்ஸ் கிரெவில் ஆசியாவின் குருந்தக் கல் பற்றி அங்கே கட்டுரை வாசித்தார். அதற்குப் பிறகு உலகம் முழுக்கக் கொரண்டம். இன்று எந்த நாட்டு ஆய்வுகூடத்தில் நீலக்கல்லுக்குச் சான்றிதழ் எடுத்தாலும் "கனிய வகை" என்ற இடத்தில் அச்சாகி வருவது சாணைக்காரர் வாயில் இருந்த அந்தத் தமிழ்ச் சொல்தான்.

நீலம் என்ற சொல்லும் இங்கிருந்து போனதற்கு எழுத்துச் சாட்சி இருக்கிறது. இப்னு பதூதா 1344இல் நம் நாட்டுக்கு வந்தபோது, யானையின் நெற்றியில் கோழி முட்டையை விடப் பெரிய ஏழு யாகூத் கற்களைக் கண்டதாக எழுதினார். யானைக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதே இடத்தில் அவர், இங்குள்ள கற்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் உண்டு என்றும், நீலத்தை இவ்வூர் மக்கள் நைலம் என்கிறார்கள் என்றும் குறித்திருப்பதை யாரும் சொல்வதில்லை. அரபிக்காரர் ஒருவர் தம் மொழியில் அஸ்மான்ஜூனீ என்ற சொல் இருக்க, ஊர்ச் சொல்லையும் கேட்டு எழுதிவைத்தார்.

சபையர் என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்ஸ்அப்பில் வரும் செய்திகளில், இது சனிக்குப் பிரியமானது என்ற வடமொழிச் சொல்லில் இருந்து வந்ததென்று அடித்துச் சொல்கிறார்கள். மொழியியலாளர்களிடையே அதற்கு உறுதியான ஆதரவில்லை. கிரேக்கருக்கும் ரோமருக்கும் சப்பைரோஸ் என்பது பொன்துகள் தெறித்த நீலக்கல். பொன்துகள் நம் நீலத்தில் இல்லை, லாஜவர்தில்தான் இருக்கிறது. ஆகவே அந்தப் பெயர் முதலில் வேறு கல்லுக்கு உரியது. அதேபோல் ஜுவல் என்ற ஆங்கிலச் சொல் நம் ஜவாஹிரிலிருந்து வந்தது என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. இல்லை. அது பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. ஜவ்ஹர் பாரசீகத்தின் கவ்ஹரிலிருந்து வந்தது. ஓசை ஒத்துப்போனால் மட்டும் உறவாகிவிடாது. நமக்கு உண்மையாகவே இவ்வளவு இருக்கும்போது இல்லாததைச் சேர்த்துப் பெருமைப்படுவது எதற்கு?

எங்கள் வகுப்பு இடாப்பை விரித்தால் பைரூஸ் இருக்கிறார், மர்ஜான் இருக்கிறார், ஜவாஹிர் இருக்கிறார். பைரூஸ் என்ற கல்லைப் பாரசீகர் நிஷாப்பூரில் தோண்டினார்கள். ஐரோப்பியர் அதைத் துருக்கியரிடம் வாங்கியதால் டர்க்குவாய்ஸ், துருக்கிக் கல், என்றார்கள். விற்றவன் பெயர் நின்றது, விளைந்த மண்ணின் பெயர் போனது. இது நமக்கு நன்றாகத் தெரிந்த விடயம்தான். இங்கே தோண்டிய கல் எந்தெந்த நாட்டுக் கடைகளில் எந்தெந்தப் பெயரில் விற்கப்படுகிறது என்பது வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மரகதம், ஸுமுர்ருத், எமரால்ட் மூன்றும் ஒரே சொற்குடும்பம். அல்மாஸும் டயமண்டும் கிரேக்கத்தின் அதமாஸ் என்ற ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள், வெல்லமுடியாதது என்று பொருள்.

சிர்கனுக்கு வருவோம். பாரசீகத்தில் ஸர் என்றால் பொன், ஸர்கூன் என்றால் பொன்னிறம். பட்டுச் சேலையில் ஓடும் ஜரிகையும் அதே ஸர்தான். ஆசனிக்கின் பெயரும் அங்கிருந்துதான், ஸர்னீக் என்ற பொன்மஞ்சள் கனியத்திலிருந்து. 1789இல் ஜேர்மனியில் கிளாப்ரோத் என்ற இரசாயன அறிஞர் இலங்கையிலிருந்து போன சிர்கன் கல்லொன்றை ஆராய்ந்து, அதில் அதுவரை அறியப்படாத மூலகமொன்றின் ஒட்சைட்டு இருப்பதைக் கண்டார். ஆவர்த்தன அட்டவணையில் 40ஆவது இடத்தில் இருக்கும் சிர்கோனியம் அது. இலங்கைக் கல்லில் கண்டெடுத்த மூலகம், பாரசீகப் பெயர். அணு உலைகளில் எரிபொருளைச் சுற்றியிருக்கும் உறை இன்று இந்த உலோகத்தின் கலப்பில்தான் செய்யப்படுகிறது. இதைப் பாடத்தில் சொன்னால் பிள்ளைகள் ஒருமுறை நிமிர்ந்து உட்காருவார்கள்.

புல்மோட்டைக் கரை மணலைக் கையில் அள்ளினால் இந்தப் பெயர்களெல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். கறுப்பாக இருப்பது இல்மனைட்டு: ரஷ்யாவின் யூரல் பக்கமுள்ள இல்மென் மலைகளின் பெயர். ரூட்டைல்: செந்நிறம் என்ற இலத்தீன் சொல். மொனசைட்டு: தனித்திருப்பது என்ற கிரேக்கச் சொல், பளிங்குகள் தனித்தனியாகக் கிடைத்ததால். அதோடு சிர்கன். ஒரு பிடி மணலில் ரஷ்ய மலை ஒன்று, இலத்தீன் நிறம் ஒன்று, கிரேக்கத் தனிமை ஒன்று, பாரசீகப் பொன் ஒன்று. புல்மோட்டையின் பெயரில்தான் ஒன்றும் இல்லை.

பெரிலியத்தைப் பொறுத்துச் சொல்கிறோம் என்றோம். பாளியில் வேளுரிய, வடமொழியில் வைடூரிய, நம்மிடம் வைடூரியம், சிங்களத்தில் வைரோடி. இதே சொல் கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆனது. மூலம் தென்னிந்திய ஊர்ப்பெயர் ஒன்று என்று கருதுவோர் உண்டு. ஊர் எதுவானாலும், கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூரில் கடல்நிறப் பெரில் கல் பழங்காலத்திலேயே தோண்டப்பட்டது, அந்தப் பகுதியில் ரோமர் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. ரோமரான பிளினி, பெரில் இந்தியாவிலிருந்து வருகிறது என்றே எழுதினார். கிரேக்கத்திலிருந்து சொல் மீண்டும் கிழக்கே திரும்பி அரபியில் பில்லவ்ர், பளிங்கு, ஆனது. மேற்கே போன கிளை ஜேர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கே பெயரானது: பிரில்ல. தெளிந்த கல்லைத் தேய்த்துத்தான் முதலில் வில்லை செய்தார்கள். 1798இல் வோக்லன் என்ற பிரெஞ்சுக்காரர் பெரில் கல்லிலும் மரகதத்திலும் ஒரே புதிய மூலகம் இருப்பதைக் கண்டபின், அது பெரிலியமாகி 4ஆவது இடத்தில் உட்கார்ந்தது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இன்று நாம் வைடூரியம் என்பது பூனைக்கண் கல்லை. அது பெரில் வகை அல்ல, வேறு கனியம். அதற்கு விஞ்ஞானம் வைத்த பெயர் கிரைசோபெரில், அதாவது பொன் பெரில். பெரில் என்பதே வைடூரியம் என்று பார்த்தோம். ஆக, உலகமெல்லாம் சுற்றிவிட்டு, பொன்வைடூரியம் என்ற பெயரோடு வைடூரியத்தின் மேலேயே வந்து இறங்கியிருக்கிறது சொல். வாப்பா வைடூரியம் என்பதும் பிள்ளை கிரைசோபெரில் என்பதும் ஒரே பேச்சுத்தான்.

எல்லாப் பெயரும் உண்மை பேசுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டும் காரீயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரீயம் என்றால் கறுப்பு ஈயம். இலத்தீனிலும் ஈயத்தின் பெயரை வைத்துத்தான் பிளம்பேகோ என்றார்கள், ஆங்கிலத்திலும் கறுப்பு ஈயம் என்றார்கள். ஈயம் அதில் துளியும் இல்லை, முழுக்கக் காபன். 1789இல் வெர்னர் என்ற ஜேர்மனியர் எழுதுதல் என்ற கிரேக்கச் சொல்லில் கிராஃபைட் என்று மாற்றினார். ஆனாலும் பென்சில் நுனி குத்தினால் ஈய விஷம் ஏறும் என்று இன்றைக்கும் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். பிழையான பெயர் எவ்வளவு காலம் வாழும் பாருங்கள்.

வியாபாரத்தில் பிழையான பெயர் இதைவிடக் கெடுதல் செய்யும். நிறமில்லாத சிர்கனை ஒரு காலத்தில் "மாத்தறை வைரம்" என்று உலகமெல்லாம் விற்றார்கள். மஞ்சள் நீலத்தை, அதாவது நம் புஷ்பராகத்தை, டோபாஸ் என்று சொல்லும் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. டோபாஸ் வேறு கல், விலையும் வேறு. அந்தப் பெயரின் கதையே குழப்பம்தான்: செங்கடலில் இருக்கும் டோபாசியோஸ் என்ற தீவின் பெயர் அது, ஆனால் அந்தத் தீவில் விளைந்தது பச்சைநிறப் பெரிடொட், அரபியில் ஸபர்ஜத். குறையை மறைத்து விற்கக்கூடாது என்று பள்ளிவாசலில் கேட்கிறோம். பெயரை மாற்றி விற்பதும் அதில் அடங்கும் என்றே நாங்கள் நினைக்கிறோம், "சந்தையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்பது பதிலாகாது.

பெயர் தெரியாமல் நட்டப்படுவதும் உண்டு. கெவுட என்ற சிங்களச் சொல் இன்று எல்லா நாட்டு இரத்தினக்கல் புத்தகங்களிலும் இருக்கிறது. பாலும் தண்ணீரும் கலந்ததுபோல் மங்கலான குருந்தத்துக்கு நம் ஆட்கள் வைத்த பெயர். அதற்கு மதிப்பே இருக்கவில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து மலிவாக வாங்கிப்போனார்கள். 1500 பாகை செல்சியசுக்கும் மேல் சூடாக்கினால், மங்கலுக்குக் காரணமான ரூட்டைல் இழைகள் கரைந்து, அவற்றின் தைத்தேனியம் கல்லில் இருக்கும் இரும்போடு சேர்ந்து நீலம் தரும் என்பது அவர்கள் கைக்கு வந்திருந்தது. புல்மோட்டை மணலில் பார்த்த அதே ரூட்டைல். பெயர் நம்முடையது, கல் நம்முடையது, இலாபம் பாங்கொக்கில்.

பத்பராட்ஷாவும் இப்படித்தான். பத்மராகம், தாமரை நிறம். ஜேர்மன்காரர் தம் எழுத்தில் எழுதியதால் அந்த உச்சரிப்பு வந்தது. வடமொழி நூல்களில் பத்மராகம் என்பது சிவந்த மாணிக்கம். இப்போது அதே பெயர் இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த நீலக்கல் வகைக்கு. எவ்வளவு சிவப்பு, எவ்வளவு மஞ்சள் என்ற எல்லையில் ஆய்வுகூடங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வருகிறது. அதே கல்லுக்கு ஒரு சான்றிதழில் இந்தப் பெயர் கிடைக்கும், இன்னொன்றில் இளஞ்சிவப்புச் சபையர் என்று வரும், விலை மடங்குக் கணக்கில் மாறும். பத்மராகத்தின் நிறம் எது என்று தாமரைக் குளம் உள்ள நாட்டில் இருக்கும் நம்மிடம் யாரும் கேட்பதில்லை. நாமும் எழுதி வைக்கவில்லை. பழைய ஆட்கள் எந்த நிறத்தைப் பத்மராகம் என்றார்கள், எதைத் தள்ளினார்கள் என்பது அவர்கள் வாயில் மட்டும் இருக்கிறது. வீட்டில் அப்படியொருவர் இருந்தால், கல்லையும் காட்டிக் கேட்டுப் பதிவு செய்துவையுங்கள். பாடசாலையில் நாங்களும் இந்தத் தவணையில் பிள்ளைகளிடம் இதை ஒரு செயற்றிட்டமாகக் கொடுக்கிறோம்.

நம் நாட்டின் பெயரையே சுமக்கும் கனியங்களும் உண்டு. 1961இல் பெயரிடப்பட்ட எக்கனைட்டு, எஹெலியகொடப் பக்கத்து இல்லத்தில் அதைக் கண்டெடுத்த எக்கநாயக்க என்ற இலங்கையரின் பெயரைக் கொண்டது. இல்லம் என்பது வீடல்ல, மாணிக்கம் கிடக்கும் சரளைப் படை என்று வெளியூர் நண்பர்களுக்குச் சொல்லிக்கொள்கிறோம். 1902இல் ஆனந்த குமாரசுவாமியும் பிரயரும் கண்டிப் பகுதியின் கங்கபிட்டியவில் நீலநிறக் கனியமொன்றைக் கண்டார்கள். கலை வரலாற்றில் பெயர் பெற்ற அதே குமாரசுவாமிதான், இலங்கைக் கனிய ஆய்வுத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராகவும் இருந்தவர். அதற்கு வைத்த பெயர் செரெண்டிபைட்டு, நம் நாட்டை அரபிகள் அழைத்த ஸரந்தீபிலிருந்து. 50 வருடங்களுக்குப் பிறகு, 1952இல், அதுவரை பழுப்புநிறப் பெரிடொட் என்று விற்கப்பட்ட கல்லொன்றைச் சோதித்து அது தனிக் கனியம் என்று கண்டு, சின்ஹலைட்டு என்று பெயர் வைத்தார்கள். ஸரந்தீப் என்பதே சிங்களத் தீவு என்ற சொல் அரபியர் நாவில் திரிந்தது என்பதுதான் அறிஞர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. அப்படியானால் இரண்டு பெயரும் ஒன்றுதான், ஒன்று கப்பலேறிப் போய்வந்தது, மற்றது ஊரிலேயே இருந்தது. இரண்டையும் பகுத்துப் பார்த்தால் இரண்டிலும் போரன் இருக்கிறது. அதன் பெயர் எங்கிருந்து வந்தது என்று மேலே சொல்லிவிட்டோம்.